நட்டின் மேல் சிவப்புப் பொட்டு

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

நான் எழுதும் கடிதங்கள் பொதுவாக ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. இது தாண்டும். குடிக்க ஏதாவது வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்து படிப்பது நல்லது.

மாம்போங் நிர்வாக அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தேன். ஓய்வு பெற்றபின் ஊராருக்கு மனுக்கள் எழுதிக் கொடுக்கிறேன். இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. நான் கொடுத்த கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு ஒழுங்காப் புகார் கொடுத்தவரை நான் பார்த்ததே இல்லை, மிஸ்டர் அம்போன்சா” என்று நீங்களே சொன்னீர்கள். நான் நன்றி சொன்னேன்.

அந்தக் கோப்பை வைத்துத்தான் உதிரிபாகக் கடைக்காரர் ஒபெங்கைப் பதினொரு நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். புதன்கிழமை காலை மாம்போங் இறக்கத்தில் என் டாக்சியின் இடது முன்சக்கரம் மடிந்து, வண்டி பள்ளத்தில் இறங்கியது. ஓட்டிய பெடியாகோ இறந்தான். முன்சீட்டில் இருந்த தக்காளி வியாபாரி செர்வா அம்மாளும் இறந்தார். பின்சீட்டுக்காரர்கள் மூவரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பெடியாகோ என் அக்கா மகன். எங்கள் தாய்வழி முறையில் சொத்து சகோதரியின் மகனுக்கு, எனவே என் வீடும் வண்டியும் எனக்குப்பின் அவனுக்குத்தான் போயிருக்கும்.

கோப்பில் இருப்பதை முதலில் வரிசையாகச் சொல்கிறேன். அதில் இல்லாததைப் பிறகு.

சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் பால் ஜாயின்ட் என்னும் பாகத்தை, உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருக்கும், குமாசியில் ஒபெங்கின் கடையில் வாங்கினேன். பெட்டி பளபளப்பாக இருந்தது. மூன்றாவது வாரமே பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். மெக்கானிக் மாஸ்டர் டாங்க்வா வண்டிக்கடியில் படுத்துக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

“முதலாளி, இது இரும்பில்ல. வெந்த கிழங்கு. பல்லில்லாதவன்கூடக் கடிச்சுத் தின்னுடலாம்.”

“எத்தனை நாள் தாங்கும்?”

“தாங்குற நாளு தாங்கும். என்னக் கேட்டா இன்னைக்கே கழட்டு.”

அவர் கழற்றிக் கொடுக்க, நான் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஒபெங்கிடம் போவதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைத்தெருவின் வழக்கம் எனக்குத் தெரியும் என்பதால், முதலில் வெறுங்கையோடு போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஒபெங் இலையில் சோறும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“பெரியவரே, கழட்டி எடுத்துட்டு வந்தா அது என் கடைச் சரக்குன்னு நான் எப்படி நம்புறது? ஸ்பேனர் பட்டுட்டா பிள்ளைக்கு அப்பனே மாறிடுவான். வண்டியோட கொண்டாங்க. பூட்டுனது பூட்டுன மாதிரியே இருக்கணும்.”

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அது அங்கே எல்லோரும் சொல்வதுதான். நான் அதை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். நிபந்தனை என்றால் நிறைவேற்ற வேண்டும்.

வண்டியோடு இருமுறை போனேன். இருமுறையும் ஒபெங் இல்லை. துறைமுகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். தொலைபேசி அடித்தது, எடுக்கப்படவில்லை. எனவே பக்கத்துச் சிகையலங்காரக் கடையில் சிவப்பு நகச்சாயம் ஒரு குப்பி கேட்டு வாங்கிவந்து, பால் ஜாயின்டின் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தேன். யாராவது ஸ்பேனர் போட்டால் சாயம் விரிசல் விட்டுவிடும். பெடியாகோ குனிந்து பார்த்துச் சிரித்தான்.

“என்ன மாமா, வண்டிக்குக் கல்யாணமா? மாப்பிள்ளை யாரு, ஒபெங்கா?”

“இது சாட்சி.”

“சாட்சி சொல்றதுக்குள்ள நான் சாகாம இருக்கணுமே.”

அவன் எல்லாவற்றையும் இப்படித்தான் பேசுவான். மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஆறு வாரம் அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். இறக்கத்தில் மாட்டுவண்டிபோல் இறங்குவதாக டாக்சி ஸ்டேஷனில் கேலி செய்தார்களாம். வண்டியை நிறுத்தச் சொன்னார் டாங்க்வா. நான் நிறுத்தவில்லை. வேறு பாகம் வாங்கிப் பூட்டச் சொன்னார். அதையும் செய்யவில்லை. பூட்டிவிட்டால் குறை என்னோடு தீர்ந்துபோகும். ஒபெங் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

அந்த ஆறு வாரத்தில் ஐந்து கடிதங்கள் எழுதினேன். நகல்கள் உங்களிடம் இருக்கின்றன. மூன்றாவது கடிதத்தில், ‘இதனால் உயிர்ச்சேதம் ஏற்படின் முழுப்பொறுப்பும் தங்களையே சாரும்’ என்ற வரியின்கீழ் நீங்கள் கோடு போட்டிருந்ததைப் பார்த்தேன். அது நல்ல வரி. எழுதிய அன்று எனக்கே திருப்தியாக இருந்தது. ஒபெங் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. ஐந்தாவதை உதிரிபாக வியாபாரிகள் சங்கத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பதில் வந்தது, தட்டச்சு செய்து, முத்திரையோடு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து, பாகத்தை வண்டியில் இருந்தபடியே பார்வையிடுவார் என்று. மூன்று முறை படித்தேன்.

கோப்பு இதோடு முடிகிறது.

நேற்று மதியம் ஒபெங்கின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். முறைப்படி, துணைக்குத் தங்கள் சபைப் பெரியவர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் தடுப்பதற்குள் முழங்காலிட்டுவிட்டார்.

“ஐயா, அவர் செஞ்சது தப்புதான். அதோட நிக்காம, நான் வேற புதுசு குடுத்தேன், வேற புதுசு குடுத்தேன்னு போலீஸ் ஸ்டேஷன்ல பொய் வேற சொல்லிக்கிட்டிருக்காரு. அவங்க சிரிக்கிறாங்க. பழசுதான வண்டியில இருந்திருக்கு, சிவப்புச் சாயத்தோட. புருஷன் பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? அவருக்காக நான் மன்னிப்புக் கேக்குறேன். உங்க மருமகனைத் திருப்பித் தர முடியாது. ஆனா மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மன்னித்தேன் என்றேன். பெரியவர் ஆமென் சொன்னார். பிறகு அந்த அம்மாள், ஜாமீன் மனு ஒன்றும் எழுதித் தர முடியுமா, ஊரில் என்னைப்போல் எழுதுகிறவர் இல்லையாமே என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மூன்று பத்திகள். இன்று அது உங்கள் மேசைக்கு வந்திருக்கும். ‘அறியாமையால் நேர்ந்த பிழை’ என்று இரண்டாம் பத்தியில் இருக்கிறது.

அறியாமை ஒன்றும் இல்லை. ஒபெங் பொய் சொல்லவில்லை. அவர் வேறு புதிது கொடுத்தார்.

விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை பிற்பகல், பெடியாகோ விசிலடித்துக்கொண்டே முற்றத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்தான். பள்ளத்தில் ஏறி இறங்கியது, டக் சத்தம் இல்லை.

“மாமா, சோலி முடிஞ்சுது! ஒபெங் வேற குடுத்துட்டான். பெட்டியே பாரு, இது அசல். அங்கேயே பூட்டியும் குடுத்துட்டாங்க.”

“யார் கொடுக்கச் சொன்னது?”

“நான்தான். குமாசிக்குச் சவாரி போனேன்ல, அப்படியே அவன் கடைக்கு நடந்துபோய், அண்ணே, எங்க மாமாவுக்குத் தூக்கமே இல்ல, தயவு பண்ணுங்கன்னேன். உக்காருடான்னான். கென்கே உருண்டையும் மீனும் வாங்கிக் குடுத்தான். ஏன்டா, உங்க மாமா யாரு, ஜட்ஜா, கவர் கவரா வந்துட்டே இருக்கு, பிரிக்கவே பயமா இருக்குன்னான். நான் சிரிச்சுட்டேன்.”

“பிரிக்கவில்லையா?”

“கோர்ட்டு காகிதம்னு நெனச்சு கட்டி பெஞ்சுக்கடியில போட்டிருக்கான். அஞ்சும் அப்படியே இருக்கு. அவனுக்கு எழுத்துன்னா ஆகாது மாமா. ஒரு ஆளு நேர்ல போய்ப் பணிவாக் கேட்டாப் போதும், உசுரக்கூடக் குடுத்துடுவான் போல.”

சங்கத்துக்கு எழுதியது அந்தக் கட்டில் சேராது, நான்குதான் இருக்க முடியும் என்று அவனைத் திருத்தினேன். பிறகு கேட்டேன்.

“எழுத்தில் ஏதாவது கொடுத்தானா?”

பெடியாகோ காலிப் பெட்டியை என் கையில் வைத்தான்.

“பார்ட்டு குடுத்தான் மாமா.”

பழையதை என்ன செய்தாய் என்றேன். ஒபெங் வேண்டாம் என்றுவிட்டதால் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் போட்டிருப்பதாகச் சொன்னான். அன்று அவன் என் மனைவியிடமும் வாடகைக்கு இருப்பவர்களிடமும் இந்தக் கதையை நடித்துக் காட்டினான். நான் கவர் ஒட்டுவதுபோல் நாக்கை நீட்டிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு வாரம் நான் உட்கார்ந்து எழுதினேன். அவன் பத்து நிமிடம் பேசினான். வியாழக்கிழமை சங்கத்து ஆள் வந்து, குனிந்து பார்த்து, எங்கே ஐயா குறை என்று கேட்பார். அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் பெடியாகோ இறந்துபோன ஒரு நண்பனின் ஏழாம்நாள் சடங்குக்குக் கறுப்பு உடுத்திப் போயிருந்தான். வண்டி முற்றத்தில் நின்றது. டாங்க்வாவைக் கூப்பிடவில்லை. சந்தைக்கு அப்பால் உள்ள, எங்களை அறியாத ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டச் சொன்னேன். அவர் இரண்டையும் இரு கைகளில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பாஸ், மாத்திச் சொல்றீங்க.”

“சரியாகத்தான் சொல்கிறேன். இது பார்வையிடுவதற்கு.”

“ஓட்டப் போறதில்லையே?”

“இல்லை.”

“பேட்டரி வயரைக் கழட்டி விட்டுட்டுப் போகட்டுமா? யாராச்சும் தெரியாம எடுத்துட்டா?”

தேவையில்லை, நேரமாகிறது என்றேன். அவர் போனபின் நட்டின் மேல் புதிதாகப் பொட்டு வைத்தேன். முதலில் வைத்ததைவிட வட்டமாக வந்தது.

உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், விபத்துக்குப்பின் அந்தச் சாயம் உடையாமல் இருந்தது என்று எழுதியிருந்தேன். உடையாமல்தான் இருந்தது. எந்தக் கிழமை பூசியது என்று நீங்கள் கேட்கவில்லை. அதில் ஒரு வரியும் பொய்யில்லை என்பதை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். அப்படிச் சரிபார்ப்பது கொஞ்ச நாள் எனக்கு உதவியது. ஒபெங்கின் மனைவி எழுந்து போனபின் உதவவில்லை. அந்த நல்ல பாகம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவரை இன்றே வெளியே விட்டுவிடுங்கள்.

பெடியாகோவிடம் சொல்லத்தான் நினைத்திருந்தேன். இரவு அவன் தாமதமாக வந்து படுத்துவிட்டான். இது மட்டுமென்றால் என்னை மறதிக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவிடம்கூட அப்படிச் சொல்ல முடியும். ஆனால் நான் எதையும் மறந்தவன் இல்லை.

புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, சங்கத்து ஆளுக்கு எந்தக் கடிதத்தை முதலில் காட்டுவது என்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். வெளியே அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சபைப்பாட்டு ஒன்றை முணுமுணுப்பது கேட்டது. எனக்கும் அவனுக்கும் நடுவே எட்டடி. எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் மாமா கழட்டுனே என்று கேட்பான். நான் காரணத்தைச் சொல்வேன். அவன் சிரிப்பான். மதியத்துக்குள் டாக்சி ஸ்டேஷன் முழுதும் சிரிக்கும்.

ஆறு வாரம் இதே பாகத்தோடு ஓடினவன்தானே, இன்னும் ஒரு நடை என்று நினைத்தேன். அந்த ஆறு வாரமும் பாகம் கெட்டது என்று தெரிந்து மெதுவாக ஓட்டினான், இன்று அது நல்லது என்று நம்பி ஓட்டுவான் என்பதையும் நினைத்தேன். வீட்டிலிருந்து இறக்கத்துக்கு இரண்டு மைல்தான், சத்தத்தைக் கேட்டுச் சந்தேகப்பட நேரமிருக்காது என்பதும் தோன்றியது. இவையெல்லாம் பிறகு தோன்றியவை என்று எழுதினால்தான் இக்கடிதத்தில் பொய் வரும். அப்போதே தோன்றின. பாதி எழுதிய வரி ஒன்று கையில் இருந்தது.

இஞ்சினைப் போட்டுவிட்டு அவன் வண்டியின் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“மாமா, குமாசியிலேர்ந்து உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?”

“டீ பிரெட் ஒண்ணு. வெட்டாததா வாங்கு.”

அவன் காதில் கையை வைத்துக் காட்டினான். இஞ்சின் சத்தத்தில் விழவில்லை போலிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெட்டாதது என்று மறுபடியும் உரக்கச் சொன்னேன்.