ஆறு மணிக்கு ஒரு தாவல்

— தள்ளி உக்காருங்க, வெளிச்சத்த மறைக்குதீய.

— மொகம் ஏன் இப்படி இருக்கு, பியூலா?

— என் டிசைனத் திரும்ப எடுத்துக்கிடுதேன்னு மெயில் எழுதுதேன்.

— ஆறு மாசமா செஞ்சதையா?

— அஞ்சு மணிக்கு ரிவ்யூ. ஏன் தப்பா ஓடுதுன்னு கேட்டா என்ன சொல்ல?

— என்ன தப்பு? மில் எலக்ட்ரீசியனுக்குப் புரியுற மாதிரி சொல்லு.

— கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர், வெறும் புரோகிராமா ஓடுது. அதத் தூங்க வச்சு எழுப்புனா, எம்புட்டு நேரம் போச்சுன்னு அதுக்குத் தெரியாது...

— நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கி எந்திரிச்ச உன் புருஷன் பெலிக்ஸ் மாதிரி.

— அதேதான். லேப்டாப் கடிகாரத்தக் கேட்டுத்தான் திருத்திக்கிடணும். சிலதுக்கு ஒரேயடியா, சிலதுக்கு மெள்ள மெள்ள. நாளைக்கு ஒருத்தன் புதுசா ஒரு முறை கேப்பான். அதுக்கும் எடம் விட்டு...

— போர்டுல காலி சாக்கெட் விடுற மாதிரி.

— ம். ஆனா நாலு நாளா, சரியா சாயங்காலம் ஆறு மணிக்கு, நேரம் இருபது நிமிஷம் முன்னால தாவுது. காலையில தானா சரியாயிருது.

— ...ஆறு மணிக்கா?

— நான் மாடிக்குத் துணி எடுக்கப் போற நேரம்.

— லேப்டாப்பு நெட்டப் பாத்துத் தானா மணிய சரி பண்ணிக்கிடாதா?

— டெஸ்டுக்காக அத அணைச்சு வச்சிருக்கேன். ஏன் கேக்கீய?

— சும்மாதான்... காபி போடவா?

— வேண்டாம். அனுப்பப் போறேன்.

— ஏட்டி, செத்த இரு... நான்தான்.

— என்ன நீங்கதான்?

— என்ன நைட் ஷிப்டுக்குக் கூட்டிட்டுப் போக எட்டு மணிக்கு ராஜபாளையத்துல இருந்து மில் வண்டி வந்துருது. நீ எட்டாச்சுன்னாத்தான் சாப்பிட எந்திரிக்க. தட்டுக்கு முன்னால நான் ஒத்தையில... அதான் லேப்டாப்பு மணிய இருபது நிமிஷம் முன்னால தள்ளி வச்சேன். காலையில வந்ததும் மாத்திருவேன். உன் வேலையில போய் இடிக்கும்னு தெரியாதுட்டி.

— எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா.

— கேட்டா வருவ. மனசு லேப்டாப்புல கெடக்கும்.

— ...இதப் பாருங்க.

— மெயில் எங்க?

— மெயிலே எழுதல, உங்க வாயால வரட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். இது காலி சாக்கெட்ல மாட்டுன புது முறை. வெளிக் கடிகாரத்த யாராவது கையால தள்ளி வச்சா நம்பாதன்னு. வேற ஒரு வரியும் மாத்தல. நேத்து மத்தியானமே முடிச்சிட்டேன்.

— நேத்து மத்தியானமேவா? அப்ப நேத்து, லேப்டாப்புல எட்டுன்னதும் எந்திரிச்சு வந்தியே...

— மணி ஏழு நாப்பதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன்.