சொட்டாத வால்வு

— குழாயைத்தானே மாத்தப் போறீங்க தம்பி, ஹீட்டரை எதுக்கு அணைக்கணும்?

— வீட்டுக்கு வர்ற தண்ணியை மூடப் போறேன்க்கா. ஹீட்டர் தொட்டி காலியானா உள்ள இருக்கிற கம்பி காஞ்சு கருகிடும். முதல்ல கரண்ட், அப்புறம் தண்ணி. இந்த வரிசை மாறக்கூடாது, சரிங்களா?

— அணைச்சாச்சு.

— ஃபியூஸையும் கழட்டிக் குடுங்க. வேலை முடியிற வரைக்கும் என் சட்டைப் பைல இருக்கட்டும்.

— ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?

— போன மாசம் ஒரு வீட்ல நான் குழாயைப் பிரிச்சுட்டு இருக்கேன், அந்த வீட்டு மாப்பிள்ளை குளிக்கணும்னு வந்து சுவிட்சைப் போட்டுட்டார். அதுலேர்ந்து மாப்பிள்ளைகளை நான் நம்புறதில்ல.

— இங்க மாப்பிள்ளை யாரும் இல்ல. இந்தாங்க.

— சுடுதண்ணியைத் திறந்து விடுங்க, சூடு இறங்கட்டும். அக்கா, கையை எடுங்க.

— முதல்ல இப்படித்தான் சீறும். அப்புறம் தண்ணி வரும்.

— சீறுறது ஆவி. எத்தனை நாளா?

— ஒரு மாசம் இருக்கும். குழாய் போயிடுச்சுன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்.

— குழாய் மேல தப்பே இல்ல. அந்த ஸ்டூலைக் கொஞ்சம் குடுங்க.

— மேல என்ன பாக்குறீங்க?

— இந்தப் பித்தளை வால்வை. தண்ணி சூடானா பெருகும்க்கா. பெருகினது வெளிய போக இதுல ஒரு வாய் உண்டு. அப்பப்ப சொட்டும். சொட்டணும்.

— நாங்க வந்ததுலேர்ந்து ஒரு சொட்டு விழுந்ததில்லையே.

— எப்படி விழும்? வாய்ல மூடியைப் போட்டு முறுக்கி வச்சிருக்கான் ஒரு புண்ணியவான். சொட்டுச் சத்தம் பிடிக்கல போல.

— மூடினா என்ன ஆகும்?

— குக்கர் விசிலை அடைச்சுட்டு அடுப்பைப் பத்த வச்ச மாதிரி. சூட்டை நிறுத்துற கருவியும் செத்துப்போச்சு, அதான் கொதிக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தொட்டி வெடிச்சிருக்கும்.

— என் பொண்ணு இதுக்கு நேர் கீழ நின்னுதான் குளிக்கிறா.

— இனிமே பயமில்ல, ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. தண்ணியையும் மூடிட்டேன். சூடு இறங்கிடுச்சு, மூடியைக் கழட்டுறேன்.

— யாருன்னு மட்டும் தெரியட்டும். வீட்டு ஓனரைக் கேட்டா சொல்லிடுவார். அந்த ஆளு இனி இந்த ஊர்ல எங்கயும் ஸ்பேனர் பிடிக்காம பண்றேன்.

— பண்ணுங்க. தொழில் தெரியாதவன் ஸ்பேனரைத் தூக்கினா இப்படித்தான். எவனோ அரைகுறை...

— என்ன, பாதியில நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— மூடியைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க. பேர் எழுதியிருக்கா அதுல?

— எழுதின மாதிரிதான். கசியாம இருக்க மரையில சுத்தின இந்த வெள்ளை டேப்பைப் பாருங்க. முறுக்குற பக்கமாத்தான் எல்லாரும் சுத்துவோம். இது எதிர்ப்பக்கம். பிரியாம இருக்க, நுனியை ரெண்டா மடிச்சு நகத்தால அழுத்தியிருக்கு. இடது கைக்காரன். இந்த மடிப்பை எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும்.

— யாரு?

— எங்க அண்ணன்.

— சரியாப் போச்சு. கூப்பிடுங்க அவரை, நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்.

— நாலு வருஷமா பேச்சு இல்லக்கா. ஒரு வீட்ல அவன் போட்ட இணைப்பை அந்த வீட்டுக்காரங்க முன்னாடியே பிரிச்சுக் காட்டி, தப்புன்னு சொன்னேன். அன்னைக்கு என் நம்பரை பிளாக் பண்ணினவன்தான்.

— நீங்க சொன்னது சரியாத்தானே இருந்திருக்கும்?

— சரிதான். சொன்ன இடம்தான் சரியில்ல.

— ஊரை ஏமாத்துற ஆளுக்கு இடமென்ன, பொருளென்ன?

— ஏமாத்துற ஆளா இருந்தா எனக்கு நிம்மதி. அவன் தன் வீட்ல பண்ணாததை அடுத்தவங்க வீட்ல பண்ண மாட்டான்.

— அப்படின்னா?

— அவன் வீட்டு ஹீட்டரும் சொட்டிட்டே இருந்துச்சு. எங்கம்மா அதையே புலம்பிட்டு இருப்பாங்க. ஒரு நாள் நின்னுடுச்சு. சரி பண்ணிட்டான்னு நினைச்சேன். எப்படின்னு கேக்கல.

— அம்மா அங்கயா இருக்காங்க?

— அங்கதான். அஞ்சு மணிக்குக் குளிப்பாங்க. நாலரைக்கே சுவிட்சைப் போட்டுடுவாங்க.

— இப்ப மணி நாலு நாப்பது. அம்மாவுக்கே போன் போடுங்களேன்.

— காது கேக்காது, போனும் வச்சுக்கிறதில்ல. நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

— அண்ணன் நம்பரைச் சொல்லுங்க. என் போன்ல போடுறேன்.

— மனப்பாடமா இருக்கு, நானே அமுத்துறேன். ம், ரிங் போகுது. இந்நேரம் வீட்லதான் இருப்பான், புது நம்பர்னா எடுப்பான். நான் இங்க இருக்கேன்னு தெரிஞ்சா வீம்புக்காவது அணைக்க மாட்டான்.

— குடுங்க போனை.

— அக்கா, ஒண்ணு. அவனைத் திட்டாம, அவன் வேலையில தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாம, ஹீட்டரை மட்டும் அணைக்கச் சொல்றீங்களா?