உள்ளே யாரும் இல்லை

சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவதை நான் தள்ளிப்போட்டதே இல்லை. மேடு ஏறும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தால் போதும், அன்றைய பயணமே எனக்குக் கெட்டுவிடும். தகர டப்பா செய்யும் ஆலையில் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவன் நான். வாரம் முழுக்கக் காதில் இடி.

அதனால் விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வயல்களுக்கு நடுவே இருக்கும் பழைய பங்குத் தேவாலயங்களைத் தேடிப் போவேன். பக்தி என்று சொல்ல முடியாது. தடித்த கல் சுவர், குளிர்ந்த தரை, ஆளில்லாத பெஞ்சுகள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மனிதனாகத் திரும்பலாம். ஆனால் பாதி நாள் கதவு பூட்டியே கிடக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

அக்கா வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்காதான் சொன்னாள்: "வீட்ல உக்காந்து பேசியே என் உயிரை வாங்குறாருடா. போறப்ப உங்க அத்தானையும் கூட்டிட்டுப் போயேன்."

அழைத்துப் போனேன். அத்தான் தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. வாய்தான் ஓயாது. தேவாலயத்துக்குள் காலை வைத்ததும் கையைத் தட்டி, "மாப்ளே, எதிரொலி கேட்டியா" என்பார். பிறகு பாட்டு. எனக்குத் திறக்காத கதவுகள் அவருக்குத் திறந்தன. அது பொறுக்காமல் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அது சரியல்ல. எனக்கு வருத்தம் இருந்தது, அவ்வளவுதான்.

ஏரிக்கு மேலே, குன்றின்மேல் இருக்கும் தேவாலயத்துக்குப் பல வருடங்களாக நடையாய் நடந்திருக்கிறேன். சரிவுக்குக் கீழே குடியிருக்கும் சாவிக்காரம்மா ஒருநாளும் மசிந்ததில்லை. அத்தான் அவளைப் பார்த்ததும், "ஏம்மா, சாமியவே உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாவி கைக்கு வந்துவிட்டது.

உள்ளே நான் கற்பனை செய்ததைவிட அழகாக இருந்தது. மாலை வெயில் வண்ணக் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. நான் உட்காரக்கூட இல்லை. அவர் கை தட்டினார், பாடினார். பிறகு மணிக்கோபுரத்துக்குப் போகும் ஏணியைக் கண்டார்.

"மேல ஏறிப் பாக்குறேன். கெட்டியாப் புடி."

பிடித்தேன். "மாப்ளே, மணியவே காணோம். பழுது பாக்கக் கழட்டிட்டுப் போயிட்டாங்க போல" என்று மேலேயிருந்தும் பேச்சு.

ஏணியை நான் தள்ளிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. சுவரில் கீறல் விழாமல் மெதுவாக எடுத்துப் பெஞ்சுகளுக்கு அடியில் படுக்க வைத்தேன். "விளையாடாத மாப்ளே" என்று முதலில் சிரித்தார். பிறகு கத்தினார். களைத்துப்போய்ச் சற்று நேரம் சும்மா இருந்தார். அந்தச் சற்று நேரத்துக்காகத்தான் இத்தனை வருடம் சைக்கிள் மிதித்திருக்கிறேன் என்று தோன்றியது.

கதவைப் பூட்டினேன். அவருடைய சைக்கிளைப் பின்பக்கமாக உருட்டிப்போய் ஏரியில் விட்டேன். நல்ல சைக்கிள். பிறகு சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உள்ள யாரும் இல்லையே?"

"இல்லம்மா. அவர் முன்னாடியே கிளம்பிட்டார்."

அங்கே மாதம் ஒருமுறைதான் வழிபாடு. சைக்கிள் கிடைத்ததும் ஏரியில் வலை போட்டுத் தேடினார்கள். நானும் கரையில் நின்றேன். அக்காவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். தினமும் நினைத்தேன். ஆனால், கீழே இறங்கி வந்தால் அவர் எவ்வளவு பேசுவார் என்பதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

நேற்று அக்கா இங்கே வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். அமைதியின் அருமை அவளுக்கும் இப்போது புரிந்திருக்கிறது.