லெஃப்ட்ல மட்டும் திரும்பற சைக்கிள்

…இல்ல சார், வண்டிமேல தப்பே இல்ல. கிளட்ச்ச டபக்குனு விட்டுட்டீங்க, அதான் ஆஃப் ஆயிடுச்சு. பரவால்ல. பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் அடிச்சிட்டே இருக்கட்டும், அவனும் ஒருநாள் இதே மாதிரி நடுரோட்ல நின்னவன்தான். சாவியத் திருப்புங்க. ம்… முதல் கியர். மெதுவா… மெதுவா… அவ்ளோதான், நகருது பாருங்க.

என்னது? எல்லாரும் பாக்கறாங்களா? யார் சார் பாக்கறாங்க? கண்ணாடிய ஏத்திட்டு உள்ள உக்காந்திருக்கீங்க, கழுத்துக்கு மேல கொஞ்சம் தெரியுது. இதுக்குப் பேரு பாக்கறதா? பாக்கறதுன்னா என்னன்னு எங்க அபார்ட்மெண்ட்ல வந்து கேளுங்க. ஒரு பால்கனி பாக்கியில்ல சார். துணி காயப்போடறவங்க, பல்லு தேய்க்கிறவங்க, குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டவங்க, அத்தனை பேரும் வரிசையா நிக்கறாங்க. கீழ நான். கையில ஒரு சைக்கிள். அந்தக் கொடுமைய யார்கிட்டப் போய்ச் சொல்றது.

அதுவும் எப்படி? பரம ரகசியமா வெச்சிருந்த விஷயம். யார் போட்டுக் குடுத்தாங்கன்னே இன்னிவரைக்கும் தெரியல. எங்க பில்டிங்ல ஒரு விஷயம் தங்காது சார், சல்லடையில தண்ணி ஊத்தின மாதிரி… ரெண்டாவது கியர் போடுங்க, இன்ஜின் கத்துது.

ஆரம்பிச்சது எங்க பில்டிங் மீட்டிங்ல. எங்க பொண்ணு ஓட்டின சைக்கிள் ஒண்ணு மாடிப்படிக்கு அடியில நின்னுக்கிட்டிருந்தது. அவ வேலை கெடச்சு வெளியூர் போயிட்டா. ஒட்டடை படிஞ்சு, பெல்லு துருப்பிடிச்சு நிக்குது. ஆனா நான் மாடி ஏறி இறங்கும்போதெல்லாம் ஹேண்டில்பார ஒருதரம் தொட்டுட்டுத்தான் போவேன். அவ வீட்ல இருக்கற மாதிரி ஒரு இது. அன்னிக்கு மீட்டிங்ல செக்ரட்டரி எழுந்தார். ஒடிசலா, ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை போட்டுவிட்ட மாதிரி இருப்பார். "யாரும் ஓட்டாத வண்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடலாம், இடத்த அடைக்குது"ன்னார். "அது ஓட்டற சைக்கிள்தான்"னு சொல்லிட்டேன். "யாரு ஓட்டறா?"ன்னார். "நான்தான்"னேன்.

இந்த வாய் இருக்கே சார், மூளைய ஒரு வார்த்தை கேக்காது.

அவர் என்னைத் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பாத்தார். அப்புறம் காலுலேர்ந்து தலைவரைக்கும். "நீங்களா?"ன்னார். ஒரே ஒரு வார்த்தைதான். பின்னாடி யாரோ களுக்குனு சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் உக்காந்திருந்தார், மேல சுத்தற ஃபேன எண்ணிக்கிட்டு. "ஆமா, நான்தான். வேணும்னா வந்து பாருங்க"ன்னுட்டு எழுந்து வந்துட்டேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்தினப்புறம்தான் உறைக்குது. எனக்கு சைக்கிள்ல ஏறக்கூடத் தெரியாதே.

சிரிங்க, சிரிங்க. ஆனா முன்னாடி ஆட்டோ நிக்குது, பிரேக்ல கால் இருக்கட்டும்.

ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவளுக்கு சைக்கிள் தெரியாதுன்னா யார் நம்புவா? சின்ன வயசுல எங்கண்ணன் தங்கச்சிக்குக் கத்துக்குடுத்தான். நானும் போய் நின்னேன். "நீ ஏறினா ரிம் வளைஞ்சிடும்"னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான், அன்னிக்கே மறந்தும் போயிட்டான். நான்தான் மறக்கல. அப்ப நான் ஒண்ணும் இந்த அளவுக்கு இல்ல சார், கொஞ்சம் பூசினாப்புல இருப்பேன், அவ்ளோதான்.

அதனாலதானோ என்னமோ, கார்னா எனக்கு உசிரு. கார்ல ஏறிக் கதவச் சாத்திட்டா நான் தோளுக்கு மேலதான். மிச்சமெல்லாம் கதவுக்குள்ள. இத்தனை வருஷமா இதே சீட்ல உக்காந்து ஊரெல்லாம் சுத்தறேன், ஒருத்தர்கூட என்னை முழுசாப் பாத்ததில்ல. சைக்கிள்ல அந்த வசதி உண்டா? உள்ளது உள்ளபடி, நாலு பக்கமும் திறந்து கெடக்கு. பின்னாடி வர்றவனுக்கு வேற எதுவும் தெரியாது சார், நான்தான் தெரிவேன்.

லெஃப்ட் எடுங்க. இண்டிகேட்டர்… அது வைப்பர் சார். மழை இல்ல. ம், அது.

சரி, சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கிட்டே போனேன். கடைல ஆள் இருந்ததால எல்லாரும் போற வரைக்கும் காத்திருந்து, குரலத் தாழ்த்தி, "இது என்னைத் தாங்குமாப்பா?"ன்னு கேட்டேன். கடைக்காரன் என்னைப் பாக்கவே இல்ல. கீழ குனிஞ்சு டயரக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்தான். "சைக்கிள் தாங்கும்மா, காத்துதான் இல்ல"ன்னான். நான் எத்தனை ஒத்திகை பாத்துட்டுப் போயிருந்தேன் தெரியுமா, அவன் இப்படிச் சொன்னா அப்படிப் பதில் சொல்லணும், சிரிச்சா முறைக்கணும்னு. எல்லாம் வீணாப்போச்சு. அகலமா ஒரு சீட்டு மாட்டி, ரெண்டு காலும் தரையில படற அளவுக்கு இறக்கி வெச்சான். "பெடலக் கழட்டிட்டுத் தர்றேன், மொதல்ல காலால உந்தி உந்திப் பழகுங்க, பேலன்ஸ் வந்ததும் வாங்க, மாட்டித் தர்றேன்"ன்னான்.

விடியறப்போ நம்ம டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குத் தள்ளிட்டுப் போவேன். எட்டு போடறதுக்குக் கோடு போட்டு வெச்சிருக்காங்கள்ல, அங்கதான். எங்க பில்டிங் கேட்ட சீக்கிரம் திறக்கணுமேன்னு வாட்ச்மேன்கிட்ட மட்டும் காரணத்தச் சொல்லி வெச்சேன். சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னேன். வீட்டுக்காரர் கேரியரப் பிடிச்சுக்கிட்டே கூட வருவார். "கீழ பாக்காத, எதிர்ல பாரு, எதிர்ல பாரு"ன்னு ஒரே கத்தல். அது நான் சொல்ற வசனம் சார், உங்ககிட்டகூடத் தினம் சொல்றேனே. அடுத்தவங்க வாயிலேர்ந்து கேக்கும்போது என்னா எரிச்சல் வருது. இனிமே உங்ககிட்டக் கொஞ்சம் பதவிசாச் சொல்றேன்.

துணிதான் பெரிய பாடு. சுடிதார் போட்டா சங்கிலி கடிச்சு இழுக்குது. வீட்டுக்காரர் பேண்ட்டப் போட்டுப் பாத்தேன், முட்டிக்கு மேல ஏறமாட்டேங்குது. தையல்காரம்மாகிட்டப் போய் தொளதொளன்னு ஒரு பேண்ட்டும் முழங்கால் தொடற மாதிரி சட்டையும் தைக்கக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டாங்க. அளவு எடுக்கறவங்ககிட்ட மறைக்க முடியுமா? சொன்னேன். சங்கிலி எண்ணெய்க்கறை போகணும்னு அயர்ன் பண்றவர்கிட்ட சொன்னேன். கீழ விழுந்து முட்டி பேந்து நொண்டிக்கிட்டு வந்தப்போ எதிர்வீட்டு டீச்சர் பதறிப் போயிட்டாங்க, நல்ல மனுஷி, அவங்ககிட்டயும் சொன்னேன். லிஃப்ட்ல செக்ரட்டரியோட சம்சாரம் கட்டுப்போட்ட காலப் பாத்துட்டு வாய்விட்டுக் கேக்கறாங்க. என்ன பண்றது? "உங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாதீங்க"ன்னு சொல்லி வெச்சேன்.

இப்ப சொல்லுங்க, இதுல யாரு போட்டுக் குடுத்திருப்பா?

ஏன் சார் என்னையே பாக்கறீங்க? ரோட்டப் பாருங்க.

…நானா? அது எப்படி நானாவேன்? நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாத்தானே சொன்னேன்… சரி விடுங்க. அந்தப் பேச்சு வேண்டாம். வேகத்தடை வருது.

பெடல் மாட்டி, மைதானத்துல கீழ விழாம சுத்த ஆரம்பிச்சப்புறம் ஒருநாள் காலைல, சரி, இன்னிக்கு நம்ம தெருவுலயே ஓட்டிப் பாத்துடலாம்னு சைக்கிளத் தள்ளிட்டு வாசலுக்கு வர்றேன். நிமிர்ந்து பாத்தா நான் சொன்னேனே, அந்தப் பால்கனிக் கூட்டம். ஒருத்தர்கூடச் சிரிக்கல சார். சிரிச்சிருந்தாலாவது கோவம் வந்திருக்கும். சும்மா பாத்துக்கிட்டு நிக்கறாங்க. திரும்பி உள்ள போயிடலாமான்னு பாத்தேன். போனா சைக்கிள் பழைய இரும்புக்குத்தான். பொண்ணு போன்ல, "அம்மா, என் சைக்கிள் பத்திரமா இருக்கா?"ன்னு கேப்பா. என்ன பதில் சொல்றது?

கண்ண மூடி ஏறிட்டேன். வாசல்ல ஒரு சரிவு இருக்கு, அதுவே என்னை ரோட்டுல கொண்டுபோய்த் தள்ளிடுச்சு. மேலேர்ந்து யாரோ "ஐயோ"ன்னாங்க. ஹேண்டில்பார் பாம்பு மாதிரி நெளியுது. முதுகுல அத்தனை கண்ணு. என் சட்டை பின்னாடி ஏறியிருக்கா, இறங்கியிருக்கா, அந்த நேரத்துல அதுதான் சார் ஓடுது மண்டைக்குள்ள.

இதுல இன்னொரு சிக்கல். எனக்கு லெஃப்ட்ல மட்டும்தான் திரும்பத் தெரியும். ரைட்ல திரும்பினா குடை சாஞ்சிடுவேன். நிறுத்தவும் சரியா வராது. இறங்கற அழக அத்தனை பேருக்குக் காட்ட முடியுமா? அதனால நிறுத்தாம லெஃப்ட், மறுபடி லெஃப்ட், மறுபடி லெஃப்ட்னு பில்டிங்கையே அப்பிரதட்சணமா சுத்தி வந்தேன். திரும்ப வாசலக் கடக்கறப்போ பாதி பேர் உள்ள போயிட்டாங்க. அடுப்புல என்ன வெச்சிருந்தாங்களோ. நான் இன்னொரு சுத்துப் போனேன். அந்தச் சுத்துலதான் சார் என்னமோ ஆச்சு. உடம்பு லேசாயிடுச்சுன்னெல்லாம் சொல்லமாட்டேன், உடம்பு அப்படியேதான் இருக்கு. ஆனா அது சைக்கிள்மேல நல்லா உக்காந்துடுச்சு. கால் தானா மிதிக்குது. காத்து சட்டைக்குள்ள புகுந்து குளுகுளுன்னு இருக்கு. ஒரு கைய எடுத்து வேர்வையக்கூடத் துடைச்சேன்.

நிமிர்ந்து உக்காந்து, ராணி மாதிரி வாசலுக்கு வர்றேன். ஒரு பால்கனியிலயும் ஆள் இல்ல.

எப்படி இருக்கும் சொல்லுங்க? கோணலாப் போனப்போ அத்தனை பேரும் நின்னு பாத்தாங்க. நேரா ஓட்டறப்போ ஒரு காக்கா இல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பெல்லப் பிடிச்சு அடிச்சேன் பாருங்க. துருப்பிடிச்ச பெல்லு, தகர டப்பா மாதிரி கரகரன்னு கத்துது. வாங்க, இப்பப் பாருங்கன்னு செக்ரட்டரி ஜன்னலுக்குக் கீழயே அடிச்சேன். அவர் பிரஷ்ஷும் கையுமா, வாயெல்லாம் நுரையோட, யாருக்கு என்ன ஆச்சோன்னு வாசலுக்கு ஓடி வந்துட்டார். அவருக்குன்னு நான் நறுக்குனு நாலு வார்த்தை மாசக்கணக்கா யோசிச்சு வெச்சிருந்தேன். வாயத் திறந்தா வர்றது என்ன தெரியுமா? "தள்ளிக்கோங்க சார், எனக்கு நிறுத்தத் தெரியாது."

மனுஷன் ஒரே தாவு, பூந்தொட்டிக்கு நடுவுல போய் நின்னார், ஒண்ணு உடைஞ்சே போச்சு. வாட்ச்மேன் ஓடிவந்து கேரியரப் பிடிச்சு என்னை நிறுத்தினார்.

இங்க ரைட் எடுங்க சார். எதிர்ல வர்ற வண்டி போகட்டும்… இப்ப போங்க. பயப்படாதீங்க, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு.

சாயங்காலம் காலிங்பெல் அடிக்குது. திறந்தா செக்ரட்டரி. பூந்தொட்டி உடைஞ்சதுக்குச் சண்டைக்கு வந்திருக்கார்னு எங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து நின்னார். செக்ரட்டரி உள்ள வந்து உக்காந்தார். தண்ணி கேட்டார். குடிச்சார். அப்புறம், "உங்களுக்குப் பழக எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டார். எதுக்குன்னேன். "எனக்கும் வராது. சின்னப்புள்ளைல வீட்ல சைக்கிள் இல்ல. வளந்தப்புறம் யார்கிட்டப் போய்க் கேக்கறது? அன்னிக்கு நீங்க ஓட்டறேன்னு சொன்னதும், இவங்களுக்கே தெரியுதான்னு…"ன்னு இழுத்தார். நாளைக்குக் காலைல மைதானத்துக்கு வந்துடுங்கன்னேன் சார்.

இப்ப தினம் காலைல நம்ம மைதானத்துலதான் அவருக்கு கிளாஸ். அந்த ஒடிசல் உடம்ப வெச்சுக்கிட்டு அவருக்குப் பாக்கணுமே கூச்சம். குச்சிக் கால் தெரியுதாம், பேண்ட்டக் கீழ ஊக்கு போட்டு மாட்டிக்கிட்டு வர்றார். பறவை பறந்தாக்கூடத் திரும்பிப் பாக்கறார். நேத்து என்ன ஆச்சு, கேரியரப் பிடிச்சுக்கிட்டே போறேன், அவர் மைதானக் கேட்டத் தாண்டி ரோட்டுக்கே விட்டுட்டார். விட்டா விழுவார். நானும் பின்னாடியே ஓடறேன். "எதிர்ல பாருங்க, எதிர்ல பாருங்க"ன்னு கத்திக்கிட்டே ஓடறேன். கடை வாசல்ல நின்னவங்க, பஸ்ஸுக்கு நின்னவங்க, எல்லாரும் இருந்தாங்களாம். கூட வந்திருந்த எங்க வீட்டுக்காரர்தான் அப்புறம் சொன்னார். நான் யாரையும் பாக்கல. செக்ரட்டரி சாயறாரா நிக்கறாரான்னு அது ஒண்ணுதான் தெரிஞ்சுது. முனைவரைக்கும் போய், ஒரு செவுத்தப் பிடிச்சு நின்னு, மூச்சு வாங்கி, அவர் இறங்கி வந்து குடுத்த தண்ணியக் குடிச்சப்புறம்தான் சார் எனக்கு உறைக்குது. நான் நடுரோட்ல ஓடியிருக்கேன். பள்ளிக்கூடத்துலகூட ஓட்டப்பந்தயம்னா வயித்துவலின்னு படுத்துக்கறவ நான்.

…பாவம், இத வெளிய சொல்லவேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டார் அந்த மனுஷன். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. காலைல என்கிட்ட கார் கத்துக்க வந்த டாக்டரம்மாகிட்ட ஒரு பேச்சுவாக்குல வந்துடுச்சு. இப்ப உங்ககிட்ட.

சார்? ஏன் வண்டிய ஓரங்கட்டறீங்க? சிரிப்ப அடக்க முடியலன்னா நல்லா சிரிச்சுட்டு எடுங்க, நான் காத்திருக்கேன்.