தண்ணீர் ஓடாத வாய்க்கால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் தவழ்ந்து திரிந்த காலத்தில், இதே வேலாங்குறிச்சியில், இதே தெருவில் குருவம்மா என்று ஒருத்தி இருந்தாளாம். எனக்கு ஏழு தலைமுறைக்கு முந்தியவள். வெளியூரிலிருந்து வருகிற எல்லாரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டீர்கள். "வாய்க்கால் தெரு என்று பலகை இருக்கிறதே, வாய்க்கால் எங்கே?" என்று. அதற்குப் பதில் அவள் கதைதான். இப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள். முதல் பானை பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் இது அரண்மனைக்காரர் சீமையாம். நிலத்துக்கு வரி. மாட்டுக்கு வரி. பனைக்கு வரி. அதெல்லாம் பத்தாது என்று அடுப்புக்கும் வரி போட்டாராம். மற்ற நாளில் எண்ண வந்தால் சனங்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பழைய கஞ்சி குடித்தார்களாம். அதனால் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டாராம்: "தைப்பொங்கல் அன்று எண்ணுவோம். தீ தின்னும் வாய் ஒன்றுக்கு மூன்று பணம்!"

பொங்கலன்று யார் அடுப்பை மூட்டாமல் இருப்பார்கள்?

மூன்று பணம் என்றால் கொஞ்சம் இல்லை. பத்து வீட்டுக் காசைச் சேர்த்தால் ஒரு நல்ல உழவு மாடு வாங்கலாமாம். கட்டாதவர் வீட்டில் கதவைக் கழற்றிக்கொண்டு போவார்களாம். முந்திய வருஷம் குருவம்மா வீட்டுக் கதவு அப்படித்தான் போனது. வாசலில் ஓர் ஓலைத் தட்டியைச் சாத்தி வைத்திருந்தாளாம்.

அந்த வருஷம் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. தெருவில் பதினொரு வீடு. மிஞ்சியது மூன்றே மாடு. ஒரு ஜோடி போக ஒன்று தனியாக நின்றது. இன்னும் ஒரு மாடு இருந்தால் இரண்டு ஏர் பூட்டலாம். இரண்டு ஏர் ஓடினால் அடுத்த மழை ஈரம் காய்வதற்குள் பதினொரு வீட்டு நிலத்தையும் உழுதுவிடலாம். இல்லாவிட்டால் பாதி நிலம் தரிசு.

குருவம்மாவின் வீட்டுக்காரர் சங்கிலி சொன்னாராம்: "ஆத்துக்கு அக்கரையில அடுப்புக்கு வரி இல்லயாம். பொங்கல் முடிஞ்சதும் போயிருவோம். பக்கத்துத் தெருவுல நாலு வீடு ஏற்கெனவே போயிட்டாக."

"போலாம். நம்ம நெலத்தை யாரு தூக்கிட்டு வர்றது? நீங்களா, நானா?"

"கேலி பண்ணாத. மாடு வாங்கக் காசு எங்க இருக்கு?"

"இருக்கு. பதினோரு அடுப்புல இருக்கு" என்றாளாம் குருவம்மா.

மறுநாள் கிணற்றடியில் பெண்களிடம் பேசினாளாம். அடுத்த வீட்டு மாடத்திக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் முந்திக்கொண்டாளாம்: "மதினி, எல்லாருக்கும் ஒரே பானையில பொங்கிருவோம்னு மட்டும் சொல்லிறாத. எம் பானை பொங்கலன்னா எனக்கு வருசமே விடியாது."

"உம் பானை உனக்குத்தான். அடுப்பு மட்டும் எல்லாருக்கும் ஒன்னு."

"பதினோரு பானைக்கு ஒரு அடுப்பா! அதுல ஏற ஏணி வேணுமே."

எல்லாரும் சிரித்தார்களாம். குருவம்மாவும் சிரித்தாளாம். பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டினாளாம். அவள் பிறந்த ஊர் பனங்காடு. அங்கே பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பார்கள். நீளமாகக் குழி வெட்டி, மேலே வரிசையாகப் பானை வைத்து, ஒரே பக்கம் விறகு போட்டு எரிப்பார்களாம்.

"விறகு தள்ளுற வாய் ஒன்னுதான். ஒரு வாய்க்கு மூணு பணம் கட்டுவோம். மிச்சம் முப்பது பணத்துல மாடு வாங்குவோம். அது பதினோரு வீட்டு மாடு."

அப்படியே தெரு நடுவில் கிழக்கு மேற்காகக் குழி வெட்டினார்களாம். மேலே களிமண் வைத்துப் பதினொரு கண் விட்டு மூடினார்களாம். கிழக்கே விறகு போட வாய். மேற்கு முனையில், தாய் வீட்டில் பார்த்தபடி, குருவம்மா ஒரு சின்ன ஓட்டை வைத்தாளாம்.

மாடத்தி அதைப் பார்த்துவிட்டாளாம். "இதென்ன மதினி? வரி எண்ண வர்ற தண்டல்காரர் இதையும் வாய்னு எண்ணிட்டா மூணு பணம் போச்சு. மாட்டுக்குக் காசு பத்தாது."

குருவம்மா யோசித்தாளாம். தாய் வீட்டில் ஏன் அந்த ஓட்டை இருந்தது என்று அவள் கேட்டதே இல்லை. "நீ சொல்றதும் சரிதான்" என்று ஒரு கை மண் எடுத்து அடைத்துவிட்டாளாம்.

பொங்கல் வந்தது. வாய்க்குப் பக்கத்து இடத்துக்குப் போட்டி. கடைசி இடம் மட்டும் யாருக்கும் வேண்டாம். குருவம்மா தன் பானையைக் கடைசியில் வைத்தாளாம். வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "ஒன்னு சொல்றேன். யார் பானை பொங்கினாலும் குலவை போடக் கூடாது. கடைசிப் பானையும் பொங்கட்டும், சேர்ந்து போடுவோம்."

"ஏன், எங்க வாயையும் எண்ணிருவாகளோ?" என்றாளாம் மாடத்தி.

அப்போது தண்டல்காரர் உலகநாதர் வந்தாராம். அவர் கெட்டவர் இல்லையாம். ஓலையில் இருப்பதற்கு மேல் ஒரு காசு கேட்கமாட்டார். ஒரு காசு விடவும் மாட்டார். வந்தவர் அடுப்பைப் பார்த்துத் திகைத்து நின்றாராம். பிறகு விரல் விட்டு எண்ணினாராம்.

"பதினொன்னு. முப்பத்து மூணு பணம்."

"ஐயா, நீங்க எண்ணுனது கண்ணு" என்றாளாம் குருவம்மா. "பானை உக்கார்ற இடம் கண்ணு. விறகு திங்கிற இடம் வாய். ஓலையில என்ன எழுதியிருக்குன்னு ஒரு தரம் வாசிங்க."

அவர் வாசித்தாராம்: "தீ தின்னும் வாய் ஒன்றுக்கு..." விரல் வைத்து இன்னொரு தரமும் வாசித்தாராம். "சரிம்மா. ஒரு வாயில போடுற விறகு பதினோரு பானையையும் பொங்க வச்சா, ஒரு வாய்னு எழுதுறேன். கடைசிப் பானை பொங்கலன்னா இது பதினோரு அடுப்பு. சம்மதமா?"

"சம்மதம்."

ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாராம்.

முதல் பானை பொங்கியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பொங்கியது. மூன்று பொங்கியது. ஏழு வரைக்கும் பொங்கியது. எட்டாவது பொங்க ரொம்ப நேரம் எடுத்தது. ஒன்பதும் பத்தும் வெதுவெதுப்பு. பதினோராவது பானையில் பால் தூங்கிக்கொண்டிருந்ததாம்.

வெயில் ஏறியது. சங்கிலி விறகைத் தள்ளுகிறார், தள்ளுகிறார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. "அடியே, புகை பூரா எம் மூஞ்சிக்கே திரும்பி வருது!" என்று கத்தினாராம்.

குருவம்மாவுக்கு அப்போதுதான் உறைத்ததாம். புகை போக வழி இல்லை. அது போனால்தானே பின்னாலேயே தீ ஓடும்!

ஆனால் அடைத்ததைத் திறந்தால், தண்டல்காரர் கண் முன்னாலேயே இன்னொரு ஓட்டை. அதை வாய் என்று எழுதிவிட்டால் மாடு இல்லை. திறக்காவிட்டால் பானை பொங்காது. அப்போதும் மாடு இல்லை. பத்துப் பெண்களும் அவள் முகத்தையே பார்த்தார்களாம்.

கடப்பாரையை எடுத்தாளாம். மேற்கு முனையில் ஒரே குத்து. குபுகுபுவென்று புகை கிளம்பியது. அடுப்புக்குள் ஓர் உறுமல் கேட்டது. தீ கிழக்கிலிருந்து மேற்கே ஓடியதாம். மழைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவது போல ஓடியதாம். ஒன்பது பொங்கியது. பத்து பொங்கியது.

உலகநாதர் எழுந்து வந்தாராம். "ஏம்மா, இது ரெண்டாவது வாயாச்சே?"

"இல்லய்யா. இது மூக்கு."

"என்னது?"

"வாய் திங்கும். மூக்கு மூச்சுதான் விடும். இதுல ஒரு ஓலைத் துண்டைப் போட்டுப் பாருங்க. தின்னா வாய்னு எழுதிக்கிடுங்க."

அவரும் ஒரு காய்ந்த ஓலைத் துண்டை எடுத்துக் குனிந்து போட்டாராம். உள்ளேயிருந்து வந்த புகை அதை அப்படியே மேலே தள்ளிவிட்டதாம். மிச்சப் புகை அவர் முகத்தில். அடுக்கடுக்காக ஏழு தும்மல் தும்மினாராம்.

"ஐயா மூக்கும் அதே வேலையத்தான் செய்யுது" என்றாளாம் மாடத்தி.

அந்த நேரத்தில் பதினோராவது பானை விளிம்பைத் தாண்டி வழிந்தது. பதினொரு பெண்களும் சேர்ந்து குலவை போட்டார்களாம். அக்கரைக்கே கேட்டதாம்.

உலகநாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாய் ஒன்று" என்று எழுதினாராம். பக்கத்தில் சின்னதாக, "மூக்கு ஒன்று, வரி இல்லை" என்றும் எழுதினாராம். அது நிஜமோ, பிறகு வந்தவர்கள் சேர்த்ததோ, எனக்குத் தெரியாது.

அரண்மனைக்காரர் சும்மா இருப்பாரா? அடுத்த வருஷமே, "பானை ஒன்றுக்கு மூன்று பணம்" என்று மாற்றிவிட்டாராம். குருவம்மாவின் யோசனை ஒரே ஒரு வருஷம்தான் பலித்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் மாடு வந்துவிட்டது. இரண்டு ஏர் ஓடியது. பதினொரு வீட்டிலும் பருத்தி வெடித்தது. மறு பொங்கலுக்கு முப்பத்து மூன்று பணமும் கட்டிவிட்டு இதே தெருவில் இருந்தார்கள். பதினொன்றில் ஒரு வீடுகூட அக்கரைக்குப் போகவில்லை. சங்கிலி அந்த வருஷம் முழுவதும், "கதவு எப்போ?" என்று கேட்பாராம். "ஏர் கடைசி வீட்டு நெலத்தையும் உழுது திரும்பட்டும்" என்பாளாம். பருத்தி விற்ற பிறகுதான் ஓலைத் தட்டி போய்க் கதவு வந்ததாம்.

அந்த அரண்மனையும் போயிற்று, அந்த வரியும் போயிற்று. இன்றைக்கும் நாங்கள் பொங்கலுக்குத் தெரு நடுவில் இந்தக் குழியைத்தான் வெட்டுகிறோம். தண்ணீர் ஒரு நாளும் ஓடியதில்லை. தீ ஓடியது. அதனால் இது வாய்க்கால் தெரு. முன்பு யாருக்கும் வேண்டாத அந்தக் கடைசி இடத்துக்கு இப்போது சீட்டுப் போட்டு எடுக்கிறோம்.

வேறு ஊர்களில் பானை பொங்கப் பொங்க அவரவர் கூவுவார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் பானை பொங்கியதிலிருந்து கடைசிப் பானை பொங்கும் வரைக்கும் தெருவில் பேச்சே இருக்காது.

அதோ, முதல் பானையில் நுரை ஏறிவிட்டது. இனி நானும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. மேற்கு முனையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.