தண்ணி கேட்கிற பெண்

அம்மா: குறை சொல்றேன்னு நினைக்காதீங்க டீச்சர். வீட்ல இவ பாவாடையை நனைக்கிறதே இல்ல. உங்க பேச்சுப் பயிற்சிக்கு வந்துட்டுத் திரும்புறப்ப மட்டும்...

டீச்சர்: பிள்ளை தண்ணி கேட்டா குடுக்காம இருக்க முடியுமாங்க?

அம்மா: தண்ணியா? இவளா? மருந்து முழுங்க ஒரு மடக்குக் குடிக்க வைக்கவே நான் தலைகீழா நிக்கணும்.

டீச்சர்: அங்க வந்து பாருங்க, குடம் குடமா உள்ள போகுது. இப்ப என் கவலை அதில்ல. தண்ணி கேட்டா மட்டும் போதாது, ஆளைப் பாத்துக் கூப்பிடணும். நாளைக்கு நான் முடிவு சொல்லியாகணும். பேசுற பிள்ளைங்களோட உட்கார வைக்கிறதா, இல்ல...

அம்மா: இல்ல?

டீச்சர்: படத்தைத் தொட்டுக் காட்டுற வகுப்பு. அதுவும் நல்ல வகுப்புதான்...

அம்மா: நல்ல வகுப்புன்னா ஏன் டீச்சர் உங்க குரல் இறங்குது?

டீச்சர்: ...அதான் வீட்ல எப்படின்னு பாக்க வந்தேன். குட்டி, இங்க பாரு. இந்த போட்டோல யாரு? ம்... அம்... அம்மா...

குட்டி: ...ண்ணி.

டீச்சர்: பாத்தீங்களா? உங்க போட்டோவைக் காட்டினாலே தாகம் வந்துடும். இந்தா, பாட்டில்...

அம்மா: வேணாம் டீச்சர். அது தாகம் இல்ல.

டீச்சர்: பின்ன?

அம்மா: ஒண்ணுமில்ல... விடுங்க.

நாத்தனார்: அண்ணி... என் சீப்பை எங்க வச்சீங்க?

அம்மா: அலமாரி மேல. டீச்சர் வந்திருக்காங்க, உள்ளேயிருந்தே கத்தாதே.

நாத்தனார்: அங்க இல்ல அண்ணி...

குட்டி: ண்ணி... ண்ணி...

டீச்சர்: இருங்க, இருங்க. இந்த வீட்ல எத்தனை பேர் உங்களை அண்ணின்னு கூப்பிடுறாங்க?

அம்மா: மூணு நாத்தனார், ரெண்டு கொழுந்தன். அதைக் கேட்டுக் கேட்டு... இவளோட சேத்து ஆறு.

டீச்சர்: அப்ப இத்தனை மாசமா அவ சரியாத்தான் பதில் சொல்லியிருக்கா. நான்தான் தண்ணியா ஊத்தியிருக்கேன்.

அம்மா: ஊத்தினது நீங்க. துவைச்சது நான்.

டீச்சர்: முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல?

அம்மா: முன்ன பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்துல சொன்னேனே. "பெத்தவளையே தெரியல"ன்னு என் எதிர்லயே பேசிச் சிரிச்சாங்க, மாத்தவும் சொன்னாங்க. நீங்களும் மாத்தச் சொன்னா என்ன பண்றதுன்னு பயம். இவ வாயில வந்த ஒரே வார்த்தை டீச்சர் அது.

டீச்சர்: யாரு மாத்தப் போறா? பேசுற வகுப்புதான், போங்க. அண்ணின்னே கூப்பிடட்டும்.

அம்மா: நெசமாவா? ஆனா உங்க வீட்ல எல்லாம் ஒழுங்கா அம்மான்னுதானே... ஏன் சிரிக்கிறீங்க?

டீச்சர்: அதை மட்டும் கேக்காதீங்க.

அம்மா: நான் மட்டும் சொல்லணுமாக்கும்.

டீச்சர்: ...சாயங்காலம் வீட்ல டியூஷன் எடுக்கிறேன். தெருப் பிள்ளைங்க அத்தனையும் வரும். அதுங்களோட உட்கார்ந்து உட்கார்ந்து... வாய் கிழியப் பேசுற என் பையன், போன வாரம் காய்ச்சல்ல என் மடியில படுத்துக்கிட்டு, "டீச்சர், தலை வலிக்குது டீச்சர்"ங்கிறான்.