மூலைக்கு மூலை

பழைய லாரியின் மட்கார்டைப் போல ஏமாற்றுக்காரச் சாமான் உலகத்தில் இல்லை, ஐயா. கையில் தூக்கினால் ஒரு வாளித் தண்ணீரின் கனம்கூட இருக்காது. பார்சல் ஆபீஸில் கொண்டுபோய் வைத்தால் ஒரு கட்டிலின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். எங்கள் சாமானுக்குக் கப்பல்காரர்கள் கனத்தைப் பார்த்துக் கூலி போடுவதில்லை, அடைக்கிற இடத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். அதனால் மட்கார்டு அனுப்புகிறவன் முக்கால்வாசி காற்றைத்தான் அனுப்புகிறான். இது புரியாமல் இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல்.

ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய லாரிகளை வாங்கி, பிரித்து, கதவு, பானெட், விளக்கு, ஸ்டியரிங் என்று தனித்தனியாக விற்கிற கிடங்கு எங்களுடையது. அந்தக் கால வண்டியை மறுபடி ஓட வைத்தே தீருவேன் என்று பைத்தியம் பிடித்து அலைகிறவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். சாமான் விலையைக் கேட்டு அவர்கள் அசர மாட்டார்கள். அனுப்புகிற கூலியைச் சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். அந்தக் கூலியைக் குறைப்பதுதான் என் வேலை. வித்தை ஒன்றும் பெரிதில்லை. காலி இடம் விடமாட்டேன். பானெட்டுக்குள் மட்கார்டு போகும், மட்கார்டுக்குள் விளக்குக் கிண்ணம் போகும், கிண்ணத்துக்குள் நட்டும் போல்ட்டும் போகும். பார்சல் ஆபீஸில் பெட்டி அளக்கிறவரை நாங்கள் டேப்பு என்போம். என்னைப் பார்த்தாலே அவருக்கு முகம் கோணும். "உன் பெட்டியில எறும்பு நுழையவாவது இடம் இருக்காய்யா?" என்பார். "எறும்புக்குத் தனிக் கூலி போட்டுடுவீங்களே, அதான் விடல" என்பேன்.

தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் பின்னாலிருக்கும் அலமாரியில்கூடப் பாதி காற்றுதான். படுத்திருக்கிற ஃபைல்களை நிமிர்த்தி வைத்தால் இன்னொரு வரிசை போகும்.

சரி, என் தங்கை, சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போனபோது எனக்கு இருபத்தெட்டு, அவளுக்குப் பதினெட்டு. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்காகத்தான் என்று ஊரெல்லாம் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. பெட்டி கட்டுவதில் அவள் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஒருநாள் ஒரு நீளமான இரும்புக் கம்பி பெட்டிக்குள் போகாமல் அடம் பிடித்தது. அரை அடி அதிகம். பெட்டியைப் பிரித்துப் பெரிதாக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன். டீ டம்ளரோடு வந்து நின்றவள், "மூலைக்கு மூலை வையேண்ணா" என்றாள். நேராக வைக்காமல் இந்த மூலைக்கும் எதிர் மூலைக்குமாகச் சாய்த்து வைத்தால் அப்படியே உட்கார்ந்துகொண்டது. என் காதைப் பிடித்துத் திருகி, "இத்தனை வருஷமா என்னத்தைக் கட்டுன நீ?" என்றாள். அதற்குப் பிறகு நீளச் சாமானுக்காக நான் பெட்டியைப் பெரிதாக்கியதே இல்லை. எங்கள் இரண்டு பேருக்குள் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. எதிலாவது நான் முட்டிக்கொண்டு நின்றால் "மூலைக்கு மூலை" என்பாள்.

மிகப் பெரிய தகடுகளை வெட்டி அனுப்புவதும் உண்டு. வாங்குகிறவரைக் கேட்டு, சரி என்றால்தான். அவர் அங்கே ஒட்டிக்கொள்வார். வெட்டுவதற்கு முன்னால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஞ்ச் வைத்து மூன்று மூன்று புள்ளி அடிப்பேன். ஒட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேராக நின்றால் சாமான் முறுக்கிக்கொள்ளாது. கோணலான வேலை எனக்கு ஆகாது. ஸ்டியரிங் சாமானையும் பிரேக் சாமானையும் மட்டும் வெட்டக் கூடாது. கிடங்குச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் அப்படி எழுதியிருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது சின்னவள் கையெழுத்து.

மாப்பிள்ளை ஒரு கதவு வாங்கத்தான் வந்தார். அவருடைய அப்பா ஓட்டிய மாதிரியே ஒரு லாரியைத் தேடிப் பிடித்து, சரி செய்துகொண்டிருந்தார். அடுத்த மாதம், கதவு பொருந்தவில்லை என்று திரும்ப வந்தார். பொருந்தியிருக்கும், ஐயா. நான் அளந்து கொடுத்த கதவு அது. மூன்றாவது தடவை கதவையே கொண்டுவராமல் வந்தார்.

கல்யாணம் முடிந்து கடல் தாண்டிப் போனார்கள். லாரியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எலும்புக்கூடாக. போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வேலை முடிஞ்சதும் இங்கயே வந்துடுறோம் மச்சான், கிடங்கை மூணு பேரும் சேர்ந்தே பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் நான்கு வருடம் ஓட்டினேன்.

வாரா வாரம் சின்னவள் போன் செய்வாள். "நம்ம கிடங்குல இடது கதவுக் கைப்பிடி இருக்கில்லண்ணா? அனுப்பி வை" என்பாள். அவள் ஊரில் வேறு யாருக்காவது போகிற பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில் அதைச் சொருகி அனுப்புவேன். கூலி கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகாது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

இரண்டாம் வருடம் முடிகிற சமயம் சிலதெல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. அவள் பேசும்போது பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், திடீரென்று நின்றுவிடும். யாரோ வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஒரு தடவை மாப்பிள்ளை எனக்குத் தோல் கையுறை ஒரு ஜோடி அனுப்பினார். "இரும்பைத் தொட்டுத் தொட்டுக் கை வெடிச்சுப் போகுதாமே மச்சான், இதைப் போட்டுக்குங்க" என்று ஒரு சீட்டு. போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. என் கை அளவு அவருக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லியிருக்கிறாள். அங்கே உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்கு உறுதியாயிற்று.

பிறகு அந்தச் சொல் வந்தது. போன வருடம் ஒருநாள், "உங்க கிடங்குல முன்பக்க விளக்கு இருக்குமாண்ணா?" என்று கேட்டாள். நம்ம கிடங்கு, உங்க கிடங்கு ஆகிவிட்டது. அதே பேச்சில், "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் போட்டிருக்கோம்" என்றாள். நம்ம என்றால் நானும் உள்ளே. எங்க என்றால் நான் வெளியே. நான் பெட்டி கட்டுகிறவன். எது உள்ளே, எது வெளியே என்பதில் எனக்குக் குழப்பம் வராது. இது தானாக வருகிற மாற்றமில்லை, யாரோ சொல்லிக்கொடுத்து வருவது என்று தோன்றியது.

கடைசியில் அவரே போனில் வந்தார். "வண்டி முடியப்போகுது மச்சான். இங்க வீட்டுச் சாமான் ஏத்தி இறக்குற வேலைக்கு ஓட்டலாம்னு இருக்கோம். இனிமே இங்கதான். நீங்க ஒரு தடவை வந்து எங்ககூட இருந்துட்டுப் போங்களேன்." இருந்துட்டுப் போங்க என்றார், ஐயா. கவனியுங்கள். போங்க.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சாமான். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டியரிங் ராடு. அது போய்ச் சேர்ந்தால் லாரி நகரும். லாரி நகர்ந்தால் அவள் வரமாட்டாள்.

ராடு ஐந்தரை அடி. பெட்டி ஐந்து அடி. பெட்டியில் போகவில்லை, கூலியைக் குறைக்க வேண்டுமென்று வெட்டினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் மூன்று மூன்று புள்ளி அடித்து, குறுக்கே வெட்டி, திரும்ப ஒட்டி, வெல்டிங் தெரியாமல் ராவி, கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை பூசினேன். அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் செய்தேன். நல்ல கையுறை. பெட்டி போன அன்று சின்னவளுக்குப் போன் செய்து, "வண்டியை யார் ஓட்டுவாங்க?" என்று விசாரித்தேன். "அவர்தான். நான் கிட்டயே போக மாட்டேண்ணா, பயம்" என்று சிரித்தாள். விசாரித்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். யாரும் என்னைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்லிவிடக் கூடாது.

அவர்கள் வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து சாலை வளைந்து வளைந்து கீழே இறங்குமாம். முதல் தடவை ஓட்டிய அன்று, கிட்டவே போகமாட்டேன் என்றவள் ஆசைக்கு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வெளிவாசல் கேட்டை மூடிவிட்டு வருகிறேன் என்று இறங்கியிருக்கிறாள். அதற்குள் அவர், கீழே நிற்கிறேன் என்று வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். இரண்டாவது வளைவில் ராடு இரண்டாகிவிட்டது. அவள் கேட்டை மூட இறங்கினாளே, அதை என்னுடைய நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே வந்து பார்த்தவர்கள், பழைய இரும்பு, உடைந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை போன செய்தி கேட்டதும் நான் அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள். அவள் அழுதது போனில் கேட்டது, அதனால் எனக்கும் வந்தது. மறுநாள் அவள் அறைக்கு வெள்ளையடித்தேன். புதிதாக ஒரு அலமாரி செய்து வைத்தேன்.

அவள் வந்தாள். வேறெதுவும் கொண்டுவரவில்லை; லாரியில் மிஞ்சியதை மட்டும் ஒரே பெட்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். நான் ராடு அனுப்பிய அதே பெட்டி. என் பெட்டி எதையுமே மாப்பிள்ளை தூக்கிப் போடவில்லையாம், ஷெட்டில் அடுக்கி வைத்திருந்தாராம். திறந்து பார்த்தேன். ஸ்டியரிங் வட்டத்துக்குள் விளக்குக் கிண்ணம், கிண்ணத்துக்குள் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம், உடைந்த ராடு அவருடைய சட்டையில் சுற்றிப் பக்கவாட்டில். விரல் நுழைய இடமில்லை. எவ்வளவு துக்கத்திலும் என் தங்கை காற்றை அனுப்பவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. அவள் பேசவில்லை, ஆனால் சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் மத்தியானம் கிடங்கில் தரையில் உட்கார்ந்து அந்த ராடைத் துடைக்க ஆரம்பித்தாள். உடைந்த இடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

"அண்ணா, இங்க வா. இந்தப் புள்ளி உன்னோடதுதானே?"

"ஆமாம்மா. நீளமா இருந்துச்சு, பெட்டியில போகல. வெட்டி ஒட்ட வேண்டியதாப் போச்சு."

அவள் பெட்டியைக் காலி செய்தாள். இரண்டு துண்டையும் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துப் பிடித்து, பெட்டிக்குள் மூலைக்கு மூலை வைத்தாள். தாராளமாக உட்கார்ந்தது. பிறகு பெட்டியின் இரண்டு மூலைகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். உள்பக்கப் பலகையில், எதிரும் புதிருமாக, என் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"முழு ராடா, மூலைக்கு மூலைதான் வந்திருக்கு. அப்புறம் எதுக்கு வெட்டுன?"

"மூலைக்கு மூலை வைக்கலாம்னு அப்ப மறந்துட்டேன்."

"நீயா?" என்றாள். அவ்வளவுதான்.

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பால் வாங்கப் போகிறாள் என்று நினைத்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். தண்ணீர் கொதிப்பதற்குள் அடுத்த தெரு ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்துவிட்டீர்கள்.

நேற்று நீங்கள் கேட்டதும் அவள் கேட்டதேதான். வெட்டிய பிறகு திரும்ப ஒட்டி, முழு நீளமாகவே அனுப்பியிருக்கிறாயே, இதில் கூலி எங்கே குறைந்தது? நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க யோசித்தேன். குறையவில்லை, ஐயா. ஒரு காசுகூடக் குறையவில்லை. அந்த ராடை வெட்டுவதற்கு எந்த அவசியமும் இருக்கவில்லை. உள்ளே பிடிக்காமல் மேலாக ஒட்டினேன். நேர்ச்சாலையில் தாங்கும், வளைவில் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவள் வீட்டுக்கு வர வேண்டும், வேறு வழி தெரியவில்லை. வந்தாள் இல்லையா?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அவள் எழுதிக் கொடுத்ததைப் படிக்கக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. அரைப் பக்கம்தான், அடித்தல் திருத்தல் இல்லை. கிடங்கு நடத்துகிறவர் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள். அண்ணன் என்ற சொல்லைத் தேடினேன், எங்கும் இல்லை. இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறாள், ஐயா. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.